ஸ்பானரைத் தூக்க முன்னம் தாளைப் பாருங்கள்: பழைய பெற்றோல் காரும் புகைப் பரிசோதனையும்

பழைய கார் ஒன்று புகைப் பரிசோதனையில் விழுந்தவுடன் எழும்புகிற முதல் பேச்சு, "எஞ்சின் இறக்க வேணும்" என்பதுதான். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருப்பதில்லை. விழுந்த காரோடு உங்கள் கையில் ஒரு தாளும் வருகிறது. அதில் அச்சாகியிருக்கிற நாலைந்து இலக்கங்கள், எந்தப் பக்கம் போய்த் தேட வேண்டும் என்று நேராகவே சொல்லுகின்றன. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு பிஸ்ரன் ரிங் மாற்றப் போவதுதான் பெரிய நட்டம்.

யாழ்ப்பாணத்தில் இது ஒரு சிலரின் பொழுதுபோக்கு விஷயமும் இல்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் எல்லாம் இன்னும் எங்கள் வீதிகளில் ஓடுகின்றன. அவற்றுக்குப் பின்னால் கேஈ70 கொறோலா, நிசான் சனி, லான்சர், மாருதி 800, தொண்ணூறுகளில் வந்த ஈஎஃப்ஐ (கம்பியூட்டர் அளந்து பெற்றோல் விடுகிற) கொறோலா என்று ஒரு நீண்ட வரிசை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் நாற்பது வயதுக் காரையும் யாரும் கைவிடவில்லை. 2008 இல் புகைப் பரிசோதனைத் திட்டம் நாட்டில் தொடங்கிய பிறகு, அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வரிப்பத்திரம் இல்லை. ஆகவே இந்தக் கார்கள் ஒவ்வொரு வருடமும் அந்தப் பரிசோதனையைத் தாண்டித்தான் வர வேண்டும். தாண்டலாம். நன்றாக வைத்திருந்தால் 1960 களின் எஞ்சினும் தாண்டும்.

தாளில் எழுதியிருப்பது என்ன?

ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் பாதி எரிந்த காபனோரொட்சைட்டு வெளியே வரும். தாளில் சீஓ என்று நூற்றுவீதத்தில் இருப்பது அதுதான். எரியாமலே தப்பி வருகிற பெற்றோல் ஆவி ஐதரோக்காபன். அது எச்சீ என்று பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று இருக்கும். இவற்றோடு காபனீரொட்சைட்டும் ஒட்சிசனும் அச்சாகியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சீஓவும் எச்சீயும் நோயைக் காட்டுகின்றன, மற்ற இரண்டும் நோயின் இடத்தைக் காட்டுகின்றன.

ஒழுங்காக ரியூன் பண்ணிய காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கிற பாகம்) கார் ஒன்றில் ஐடிலில், அதாவது அக்சிலரேற்றரை மிதிக்காமல் ஓடவிட்டால், சீஓ 1 முதல் 2.5 வீதத்துக்குள்ளும், எச்சீ 200 முதல் 400 வரையிலும், காபனீரொட்சைட்டு 12 வீதத்துக்கு மேலும், ஒட்சிசன் 1, 2 வீதத்திலும் நிற்கும். உங்கள் காருக்குரிய சட்ட எல்லையை உங்கள் தாளிலேயே பாருங்கள். அதைத் தொட்டுக்கொண்டு நிற்பது போதாது. இந்த இலக்கங்களை நோக்கி வேலை செய்தால் எல்லை தானாகவே தூரப் போய்விடும்.

இனிச் சேர்த்து வாசியுங்கள். சீஓ கூட, ஒட்சிசன் கிட்டத்தட்டப் பூச்சியம் என்றால் பெற்றோல் அதிகம் போகிறது: காற்று ஃபில்ரர், சோக் (குளிரில் தொடக்கக் கலவையைச் செறிவாக்குவது), மிதவை மட்டம் (காபரேற்றரில் தேங்கி நிற்கிற பெற்றோலின் அளவு), ஜெற் (பெற்றோல் வருகிற நுண்துளை) என்று அந்த வரிசையில் தேட வேண்டும். சீஓ குறைவு, எச்சீ கூட, ஒட்சிசனும் கூட என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை பற்றவே இல்லை. பொறி பலவீனமாக இருக்கலாம், அல்லது எங்கேயோ காற்று இழுத்துக் கலவை மெலிந்திருக்கலாம். சீஓவும் காபனீரொட்சைட்டும் இரண்டுமே குறைந்து ஒட்சிசன் மட்டும் ஏறி நின்றால், முதலில் சைலென்சரின் ஓட்டையைப் பாருங்கள். வெளிக்காற்று கலந்த அளவீடு அது. புகைக்குழாயை ஓட்டையாக்கினால் இலக்கம் குறையும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சீஓவையும் காபனீரொட்சைட்டையும் கூட்டிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். அந்தப் புத்தியைக் கேட்காதீர்கள்.

அளவீடு ஐடிலிலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் எடுத்திருந்தால் இன்னொரு சாவியும் உங்கள் கையில் இருக்கிறது. ஐடிலில் சீஓ கூடி, 2,500 இல் இறங்கினால் பிழை ஐடில் கலவைத் திருகில். ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் ஏறினால் பிரதான ஜெற், மிதவை, காற்று ஃபில்ரர், அல்லது பவர் வால்வு (வேகத்தில் கூடுதல் பெற்றோல் விடுவது). எச்சீ ஐடிலில் மட்டும் கூடி வேகத்தில் விழுந்தால் வக்கூம் கசிவு (குழாய் வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே போவது), அல்லது ஒரு சிலிண்டரின் அமுக்கம் குறைவு. இவ்வளவையும் ஒரு ஸ்பானரையும் தொடாமல் அறிந்துகொள்ளலாம்.

சூடு இல்லாத எஞ்சின்

சீஓ ஏறுவதற்கு எங்கள் மண்ணுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. அதை வெளியூர்ப் புத்தகம் எதுவும் உங்களுக்குச் சொல்லாது. அது கிணற்றுத் தண்ணீர்.

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். வீட்டுக் கேத்தலின் அடியில் தட்டுத் தட்டாகப் பிடிக்கிற வெள்ளைப் படிவைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அதே படிவுதான் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் விட்ட ரேடியேற்றரின் குழாய்களிலும், எஞ்சின் பிளொக்கின் உள்ளேயும் பிடிக்கிறது. கார் கொதிக்கத் தொடங்கும். கொதிக்கிற காருக்கு இங்கே செய்கிற வழக்கமான வைத்தியம், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் பிடிக்கிற தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவது. கொதி நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த எஞ்சின் பகல் வெயிலிலும் அதற்குரிய சூட்டுக்கு வராது. கண்டி வீதியில் காற்றுப் பட ஓடினால் 60 பாகையோடு நின்றுவிடும்.

அந்தச் சூடு போதாது. குளிர்ந்த இன்டேக்கின் (கலவை எஞ்சினுக்குள் போகிற வழியின்) சுவரில் பெற்றோல் ஆவியாகாமல் துளியாக ஒட்டி வழியும். தானியங்கிச் சோக் உள்ள கேஈ70 போன்ற கார்களில் சோக் தட்டு அரைவாசியில் நிற்கும். ஈஎஃப்ஐ கார் என்றால் இன்னும் மோசம்: தண்ணீர்ச் சூட்டு உணரி "எஞ்சின் குளிர்" என்று சொல்ல, கம்பியூட்டர் காலை நேரக் கணக்கில் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். தாளில் சீஓ ஏறி நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கையில், காபரேற்றரைத் திருகித் திருகிக் கெடுத்த கார்கள் எத்தனையோ.

தேர்மோஸ்ரற் இருக்கிறதா என்று அறியக் கழற்றவும் தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கி, மேல் ரேடியேற்றர் குழாயில் கையை வையுங்கள். அது சில நிமிடம் குளிராகவே இருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடேறினால் உள்ளே தேர்மோஸ்ரற் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது. புதிதை வாங்கியதும் நேரே பூட்டாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றுங்கள். அடியில் படவிடக் கூடாது. அடித்தட்டு தண்ணீரைவிடச் சூடு. டொயோற்றா 4கே (கேஈ70 இல் உள்ளது), 5ஏ எஞ்சின்களுக்குரியது 82 பாகையில் திறக்கத் தொடங்கும். எந்தக் காருக்குரியது என்றாலும் அதன் இலக்கம் உலோகத்திலேயே பொறித்திருக்கும். 95 பாகை அளவில் தட்டு 8 மி.மீ. ஆவது எழும்பியிருக்க வேண்டும். எழும்பாததைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

ஆனால் படிவை எடுக்காமல் தேர்மோஸ்ரற்றைப் போட்டால் பழையபடி கொதிக்கும். பித்தளை ரேடியேற்றரும் வார்ப்பிரும்பு பிளொக்கும் உள்ள பழைய கார்களுக்குச் சிற்றிக் அமிலம் நன்றாக வேலை செய்கிறது: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 கிராம் கணக்கில் கரைத்து நிரப்பி, சூடேறியபின் 20 முதல் 30 நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் இறக்கிவிடுங்கள். வருகிற தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தரம் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அலுமினிய ரேடியேற்றருக்கு இதைச் செய்யாதீர்கள். கடையில் விற்கிற அலுமினியத்துக்கு ஏற்ற கழுவியையே பாவியுங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: மிகப் பழைய ரேடியேற்றரில் சில ஓட்டைகளை அந்தப் படிவுதான் அடைத்துக்கொண்டிருக்கும். கழுவியபின் ஒழுகினால் அது புதுப் பழுது இல்லை, ஒளிந்திருந்த பழுது. ஈயம் வைக்க ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள். கடைசியாக, மறுபடி கிணற்றடிக்குப் போகாமல் காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ரும் விடுங்கள்.

பொறி

கலவையைத் தொட முன்னம் பொறியைச் சரி பண்ணுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் முழு வேலையும் பிழைக்கும். பலவீனமான பொறியை வைத்துக்கொண்டு கலவையைச் சரிபார்த்தால், எரியாத பெற்றோலின் எச்சீயைக் கலவையின் குற்றமாக எண்ணி மெலிக்கத் தொடங்குவீர்கள். மெலிந்த கலவை இன்னும் விட்டுவிட்டுப் பற்றும்.

நாலு பிளக்கையும் கழற்றி, பழைய பேப்பரில் சிலிண்டர் வரிசையிலேயே நிறுத்துங்கள். இதை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மூக்கு இளம் மண்ணிறமாக, பிஸ்கற் நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டர் சுகம். விரலில் ஒட்டுகிற உலர்ந்த கறுப்புத் தூள் என்றால் பெற்றோல் அதிகம். ஈரமாக மினுங்குகிற கறுப்பு என்றால் ஒயில், ரிங் அல்லது வால்வு சீல். சுட்ட சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை மெலிவு. நாலும் ஒரே நிறத்தில் கறுத்திருந்தால் குற்றம் காபரேற்றரில் இருக்கிறது. மூன்று மண்ணிறம், ஒன்று மட்டும் கறுப்பு என்றால் காபரேற்றரைத் தொடாதீர்கள், அந்த ஒரு சிலிண்டரின் பிளக் வயரையும் வால்வையும் பாருங்கள். எண்ணிப் பார்த்தால் இதைவிட மலிவான ஸ்கான் மெஷின் கிடையாது.

1098 சிசி மொறிஸ் மைனருக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூற்றருக்குள் மின்சாரத்தை வெட்டிவிடுகிற பொயின்றின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். டொயோற்றா 4கேக்குப் பிளக் 0.8 மி.மீ., பொயின்ற் 0.45 மி.மீ., டுவெல் (பொயின்ற் மூடியிருக்கிற கோணம்) 52 பாகை, டைமிங் (பொறி விழுகிற நேரம்) பிஸ்ரனின் மேல் மையத்துக்கு 8 பாகை முன்னால், வக்கூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு. பொயின்ற் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மொட்டும் இருந்தால் அரத்தால் உரசித் திரும்பப் போடுவதில் பயனில்லை. கண்டென்சரோடு சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுப் பொயின்றும் கொஞ்ச நாளில் அதே கோலத்துக்கு வரும். டிஸ்ரிபியூற்றரின் வக்கூம் கிண்ணத்துக்குப் போகிற குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். உள்ளே தட்டு அசைந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பினால் சவ்வு கிழிந்திருக்கிறது. அது டைமிங்கையும் கெடுக்கும், காற்றையும் இழுக்கும்.

பிளக் வயர்களுக்கு இரவுச் சோதனை போதும். இருட்டில் பொனற்றைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது வயர்களின் மேல் தண்ணீரைப் புகார் போலத் தெளியுங்கள். நீலப் பொறி பாய்கிற இடத்தைக் கண்ணாலேயே காணலாம். கையை உள்ளே விடாதீர்கள். மீற்றர் இருந்தால் ஒவ்வொரு கரி வயரும் 25 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

காற்று ஃபில்ரரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கோண்டாவில், உரும்பிராய், புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் தூசியில் ஓடுகிற காருக்கு அது புத்தகம் சொல்கிற தூரத்தில் பாதிக்கும் தாங்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மறுபக்கம் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

காபரேற்றர்

மைனரில் உள்ள எஸ்யூ காபரேற்றர் பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் திருத்துவதற்கு இதைவிட நேர்மையான சாமான் இல்லை. முதலில் சோக். சோக் கம்பியை இழுத்துவிட்டு உள்ளே தள்ளுங்கள். பிறகு காபரேற்றரின் கீழே குனிந்து, ஜெற்றின் அடித் தலையை விரலால் மேலே அழுத்துங்கள். அது இன்னும் கொஞ்சம் மேலே போனால், இவ்வளவு காலமும் கார் அரைச் சோக்கில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஜெற்றின் கழுத்தில் பிசின் போல ஒட்டியிருக்கிற பழைய பெற்றோல்தான் அதைப் பிடிக்கிறது. 2022 இல் வரிசையில் நின்று வாங்கிக் கானில் மாதக்கணக்கில் வைத்திருந்த பெற்றோல் பாவித்த கார்களில் இது அதிகம். ஜெற்றை இறக்கி, துணியால் துடைத்துச் சுத்தம் செய்து, மேலே தானாகப் போய் அமர்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது காபரேற்றருக்குள்ளேயே இருக்கிற பிஸ்ரன். மேலே உள்ள டாம்பரை (பிஸ்ரனின் அசைவை மெதுவாக்குகிற தண்டை) கழற்றிவிட்டு, பிஸ்ரனை விரலால் முழுக்கத் தூக்கி விட்டால், "டக்" என்ற உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சத்தம் இல்லாமல் நழுவி நின்றால் ஊசி ஜெற்றில் உரசுகிறது, அல்லது மேற்கிண்ணத்தின் உட்புறத்தில் அழுக்கு. கிண்ணத்தையும் பிஸ்ரனையும் பெற்றோலில் கழுவி உலரவிட்டுப் பூட்டுங்கள். அந்தச் சுவரில் ஒயில் பூசக் கூடாது. ஒயில் போக வேண்டியது நடுத்தண்டின் உள்ளே, டாம்பருக்கு. எஸ்ஏஈ 20 ஒயில் சரி.

பிறகு கலவை. ஜெற்றைக் காபரேற்றரின் பாலத்தின் (பிஸ்ரனுக்குக் கீழே உள்ள தட்டையான தளத்தின்) மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து ஜெற்றின் ஆறுமுக நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகம், கீழே இறக்குங்கள். இது தொடக்க இடம். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பிஸ்ரனைத் தூக்கும் சிறு ஊசியால் அதை 1/32 அங்குலம் மட்டும் எழுப்புங்கள். ஒரு நாணயத்தின் தடிப்பைவிடக் குறைவு. எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். உடனே சாகப் பார்த்தால் மெலிவு. ஒரு முகம் கீழே இறக்குங்கள். ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் அதுதான் இடம். ஒவ்வொரு முறையும் ஒரு முகம் மட்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் எஞ்சினைச் சற்று உயர்த்தி உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

எவ்வளவு திருகினாலும் ஐடில் நிலைக்கு வரவில்லை என்றால், திரொட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஐம்பது அறுபது வருடம் தேய்ந்த தண்டு லொடலொடக்கும். அந்த இடைவெளியால் உள்ளே போகிற காற்றுக்கு எந்தக் கலவைத் திருகும் ஈடு சொல்லாது. லேத்தில் புஷ் போட்டுத் தருவார்கள், அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள்.

ஜப்பான் காபரேற்றர்களுக்கு வேறு பழக்கம். 4கேயின் ஐசான் காபரேற்றரில் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி இருக்கும். எஞ்சின் ஓடும்போது பெற்றோல் மட்டம் அதன் நடுக்குறியில் நிற்க வேண்டும். மேலே நின்றால் மிதவை ஊசி தேய்ந்திருக்கிறது அல்லது மிதவைக்குள் பெற்றோல் போயிருக்கிறது. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சத்தம் கேட்டால் மாற்றத்தான் வேண்டும். காற்று ஃபில்ரர் மூடியைக் கழற்றிச் சூடான எஞ்சினில் சோக் தட்டைப் பாருங்கள். நேர்குத்தாக நிற்க வேண்டும். ஐடிலைச் சரி பண்ண, முதலில் கலவைத் திருகை மெதுவாக முழுக்க உள்ளே விட்டு, இறுக்காமல், இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கினால் அதன் ஊசி முனையில் வளையம் விழும், பிறகு அந்தத் திருகால் ஒருநாளும் நுணுக்கமாகச் சரி பண்ண முடியாது. சூடான எஞ்சினில், வேகம் ஆகக் கூடுகிற இடத்துக்குக் கலவைத் திருகைக் கொண்டுவந்து, வேகத் திருகால் 820 அளவுக்கு வைத்து, பிறகு கலவைத் திருகை மட்டும் உள்ளே திருகி 750 க்கு இறக்குங்கள். அந்த 70 சுற்று வீழ்ச்சிதான் சீஓவை அளவுக்குள் கொண்டுவருகிறது.

வேறு காபரேற்றர் என்றால் திருகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திரொட்டில் தட்டுக்கு எஞ்சின் பக்கத்தில் இருப்பது கலவைத் திருகு, உள்ளே போனால் மெலியும். காற்றுப் பக்கத்தில் இருப்பது காற்றுத் திருகு, உள்ளே போனால் செறியும். இதை மாறி விளங்கிக்கொண்டு, முழு நாளும் எதிர்ப்பக்கம் திருகியவர்கள் இருக்கிறார்கள். ஜெற்றைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, காற்று மட்டும்தான். குத்திப் பெருத்த ஜெற்றைச் சிறிதாக்க முடியாது. 1990 களில் பெற்றோல் தடைபட்டிருந்த காலத்தில், போத்தலில் வைத்த கொஞ்சப் பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களின் காபரேற்றர்களில், அந்த நாளில் யாரோ எதையோ மாற்றியிருக்கக்கூடும். அந்தக் காலத்தைக் கடந்த கார் உங்களிடம் இருந்தால், ஜெற்றின் இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈஎஃப்ஐ கார்கள்

இவற்றில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை, அதனாலேயே பலர் பயப்படுகிறார்கள். தொண்ணூறுகளின் டொயோற்றாவில் பொனற்றுக்குள் உள்ள சோதனைப் பெட்டியில் டீஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்து, எஞ்சினைத் தொடக்காமல் சாவியை மட்டும் போடுங்கள். டாஷ்போட்டின் எஞ்சின் விளக்கு மின்னி மின்னிக் கணக்குச் சொல்லும். நிற்காமல் ஒரே சீராக மின்னினால் பழுது பதிவாகவில்லை. இல்லாவிட்டால் மின்னுகிற எண்ணிக்கையே பழுதின் இலக்கம்: 21 ஒட்சிசன் உணரி, 22 தண்ணீர்ச் சூட்டு உணரி, 31 காற்று அளவு உணரி, 41 திரொட்டில் உணரி.

பழுது பதிவாகாமலும் உணரி பொய் சொல்லலாம். சூட்டு உணரியைக் கழற்றி ஓம் மீற்றரால் அளந்து பாருங்கள்: 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம். ஒட்சிசன் உணரி, சூடான எஞ்சினை 2,500 சுற்றில் பிடித்திருக்கும்போது 0.1 க்கும் 0.9 வோல்ற்றுக்கும் நடுவில் பத்துச் செக்கனில் எட்டுத் தடவையாவது ஏறி இறங்க வேண்டும். சோம்பலாக அசைந்தால் அது முடிந்துவிட்டது. அதை மாற்ற முன்னம், உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஓட்டையால் நுழைகிற காற்றை உணரி "மெலிவு" என்று எண்ண, கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும். பண்ணைப் பாலத்தாலும் கடற்கரை வீதிகளாலும் அன்றாடம் ஓடுகிற கார்களின் குழாய்கள் உப்புக் காற்றில் உக்கும். சோதிக்க, ஐடிலில் சைலென்சர் வாயை ஈரத் துணியால் கொஞ்ச நேரம் அடையுங்கள். நடுவில் "சுர்" என்ற சத்தம் கேட்கிற இடத்தில் ஓட்டை.

புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கிற கற்றலிற்றிக் கொன்வேற்றர் இல்லாததுதான் காரணம் என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ஒட்சிசன் உணரி ஒழுங்காக வேலை செய்கிற எஞ்சினில், அது இல்லாமல்கூட சீஓ 1 வீதத்தை ஒட்டியே இருக்கும். 3, 4 வீதம் வருகிறதென்றால் பழுது எஞ்சின் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் திருத்தாமல் புதுக் கொன்வேற்றர் பூட்டினால், செறிந்த கலவை அதையும் எரித்துவிடும்.

பரிசோதனைக்கு முந்திய கிழமையும் அந்த நாளும்

ஒயில் மாற்றுங்கள். குறுந்தூரம் ஓடுகிற பழைய காரின் ஒயிலில் பெற்றோல் கலந்திருக்கும். அது சூட்டில் ஆவியாகிக் கிராங்கேஸ் குழாய் வழியே இன்டேக்குக்குத் திரும்பி வந்து சீஓவைக் கூட்டும். டிப்ஸ்ரிக்கை முகர்ந்தால் பெற்றோல் வாடை வரும். மட்டம் குறையாமல் கூடுகிறதென்றால் மெக்கானிக்கல் பெற்றோல் பம்பின் சவ்வு கிழிந்து நேராகவே உள்ளே ஒழுகுகிறது, முதலில் பம்பைப் பாருங்கள். 4கேக்கு ஃபில்ரரோடு ஏறத்தாழ 3.5 லீற்றர் ஒயில் போகும்.

வக்கூம் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். எங்கள் வெக்கையில் ரப்பர் வெடித்து, வளைத்தால்தான் தெரிகிற கீறல்கள் இருக்கும். பிரேக் பூஸ்ரர் குழாயை மறக்க வேண்டாம். கசிவு தேட, சூடான எஞ்சினில் பெற்றோல் தெளிக்கிற பழக்கம் ஆபத்தானது. சோப்புத் தண்ணீர் தெளித்தாலும் எஞ்சின் சத்தம் மாறும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ரியூன் பண்ணாதீர்கள். நீங்கள் அளக்கப் பார்க்கிற அதே சீஓ மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

அன்றைக்குக் காரை வீட்டிலிருந்து நேரே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். நகரிலிருந்து நாவற்குழிப் பக்கம் கண்டி வீதியில் 20 நிமிடம் ஒரே வேகத்தில் ஓடி வாருங்கள். பிளக்கில் பிடித்த கரியும் எரியும், கொன்வேற்றர் உள்ள காரில் அதுவும் சூடேறும். அது 300 பாகை அளவுக்கு வந்தால்தான் வேலையே செய்யும். வரிசையில் காத்திருக்க நேர்ந்தால், உங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னம் 2,500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். ஏசி, விளக்கு எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கட்டும்.

தின்னர் கலப்பது, கலவையை அடியோடு மெலிப்பது போன்ற குறுக்கு வழிகளில் சீஓ இறங்கும், எச்சீ ஏறும். மெலிந்த கலவையோடு அந்த எஞ்சின் வெயிலில் ஓடினால் எக்ஸ்ஹோஸ்ற் வால்வு எரியும்.

சத்தம் இல்லாத டப்பெற்

எல்லாம் செய்தும் எச்சீ ஐடிலில் இறங்க மறுத்தால் வால்வைப் பாருங்கள். பழைய ஆங்கிலேயக் கார்களின் தலைப்பாகத்தில் வால்வு அமரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. ஈயம் கலந்த பெற்றோல் அந்த இடத்துக்கு ஒரு காப்பாக இருந்தது. இலங்கையில் அது 2002 இல் நின்றது. அதன்பின் எக்ஸ்ஹோஸ்ற் வால்வு ஒவ்வொரு அடியிலும் தன் இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று மேலே ஏறுகிறது. அதனால் டப்பெற் இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்குகிற பாகத்துக்கும் நடுவில் உள்ளது) கூடுவதில்லை, குறைகிறது. கார் அமைதியாகிறது. "டப்பெற் சத்தமே இல்லை, நல்ல எஞ்சின்" என்று மகிழ்கிற நேரத்தில் வால்வு முழுதாக மூடாமல் அனல் கசிந்து எரிந்துகொண்டிருக்கும்.

மைனருக்கு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். ஒன்பது என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: எட்டாம் வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைப் பாருங்கள், ஏழாவது அமுங்கும்போது இரண்டாவதை, இப்படி இரண்டும் சேர்ந்து ஒன்பது வர வேண்டும். 4கேக்குச் சூடான நிலையில் இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸ்ஹோஸ்ற் 0.30 மி.மீ.

சந்தேகம் தீர அமுக்கம் அளந்து பாருங்கள்: எல்லாப் பிளக்கும் கழற்றி, கொயில் வயரை எடுத்து, அக்சிலரேற்றரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று. ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 வீதத்துக்கு மேல் குறைந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. "எஞ்சின் இறக்க வேணும்" என்ற பேச்சை இந்த இடத்தில்தான் எடுக்கலாம். வால்வு என்றால் எஞ்சினை இறக்கவும் தேவையில்லை, தலைப்பாகத்தை மட்டும் கழற்றிக் கடின இருக்கை வளையம் போட்டால் சரி.

அந்த நிலை வருமுன் அறிய, பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் எட்டு வால்வின் இடைவெளியையும், சரி பண்ண முன்னம் இருந்தபடியே, திகதியும் மைலும் சேர்த்து எழுதி வையுங்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை அளந்து, ஏதாவது ஒரு எக்ஸ்ஹோஸ்ற் வால்வு இரண்டு தடவையும் 0.002 அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால், அடுத்த வரிப்பத்திரத்துக்கு மூன்று நாலு மாதம் இருக்கும்போதே தலைப்பாகத்தைக் கழற்ற நாள் பாருங்கள்.